சிரிக்க விட்ட இடம்

"அந்த சர்வர் ஏன்டா ஒவ்வொரு டயலாக்கையும் சொல்லிட்டு நம்மளையே பாக்குறான்?"

"டிப்ஸுக்கா இருக்கும்."

இடைவேளையில், திருச்சியில் ஒரு தியேட்டரின் கழிப்பறையில், கை கழுவ வந்த இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொண்டார்கள். பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமல் அப்படியே இருந்தார். அவர்தான் அந்தப் படத்தை எடுத்தவர். பெயர் இருதயராஜ். சொந்த ஊரில் படம் எப்படிப் போகிறது என்று பார்க்க, தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் சென்னையிலிருந்து வந்திருந்தார். கவசத்தைக் கழற்றிய நேரம் பார்த்து அந்த இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அதில் அவருக்கு நிம்மதிதான். கொஞ்சம் வருத்தமும்.

படத்தின் பெயர் 'எக்ஸ்ட்ரா சாம்பார் 2'. முதல் பாகம் சில வருடங்களுக்கு முன்னால் ஓடு ஓடென்று ஓடியது. ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு ஹோட்டல்கள். முதலாளிகள் இருவரும் மாமன் மச்சான், பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் முதலாளிகளைவிட அதிகமாகச் சண்டை போடுகிறவர்கள் சர்வர்கள். இந்தக் கடை சர்வர் வாசலில் நின்று, "உள்ள வாங்க, எல்லாம் சூடா இருக்கு" என்பான். எதிர்க்கடை சர்வர், "அங்க ஃபேன் ஓடாது. சூடாத்தான் இருக்கும்" என்பான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாம் பாகத்திலும் அதே தெரு, அதே சண்டை. புதிதாக ஒரே ஒரு ஆள்தான். இலை எடுக்கும் பெரியவர். ஒரு கடையில் சாம்பார் தீர்ந்துபோனால், சண்டைக்கார சர்வர்களே முதலாளிக்குத் தெரியாமல் எதிர்க்கடையின் பின்வாசலுக்கு வாளியை அனுப்பிவிடுவார்கள். காலையில் வாசலில் நின்று திட்டியவன்தான் மதியம் வாளியை நிரப்பித் தருவான். இருதயராஜ் சினிமாவுக்கு வருமுன் சர்வராக இருந்த கடையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. படத்தில் அந்த வாளியைச் சுமந்துகொண்டு போகும் பெரியவராக நடித்தவர் சிங்காரம் என்கிற நாடக நடிகர். வாழ்நாளெல்லாம் மேடையில் நின்றவருக்கு சினிமாவில் பெயரோடு ஒரு வேடம் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

இடைவேளை முடிந்து இருதயராஜ் உள்ளே வந்து உட்கார்ந்தார். கூட்டத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

திரையில் சர்வர் ஒரு பதில் சொன்னான். சொல்லிவிட்டு நின்றான். தியேட்டரில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. எங்கோ ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார். பிறகு எதிர்க்கடை சர்வர் அதற்குப் பதில் சொன்னான். சொல்லிவிட்டு அவனும் நின்றான்.

படம் முடிந்து வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபோது தயாரிப்பாளர் புகழேந்தி போனில் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து படத்தைக் குறைச்சுப் போடணும்னு தியேட்டர்காரங்க எல்லாரும் ஒரே குரல்ல சொல்றாங்க. நீளம்ங்கிறாங்க சார்."

"எதை எடுக்கிறது?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தச் சாம்பார் வாளித் தாத்தாவைத் தூக்கிடுங்க. கதைக்கு ஒண்ணும் ஆகாது. அவர் வர்ற இடத்துல ஒருத்தன் சிரிக்கிறதில்ல."

"முழுசாவா?"

"முழுசா எடுத்தாத்தான் சரியா வருது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள எடிட்டர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

போனை வைத்ததும் சிங்காரம் காலையில் அனுப்பியிருந்த குரல் செய்தியை இருதயராஜ் மறுபடி கேட்டார். "இருதயம், சனிக்கிழமை பாப்பா துபாய்லேர்ந்து வர்றா. வந்ததும் மொத வேலை தியேட்டர்தான்னு சொல்லிட்டா. மாப்பிள்ளை வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வர்றாளாம். நான் என்ன சட்டை போட்டுட்டுப் போறதுன்னு இப்பவே யோசனையா இருக்கு, போ."

ஆட்டோ பிடித்து உறையூர் போனார். அரசி டீச்சர் வீட்டுக்கு.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் நகைச்சுவை நாடகம் போடுகிற ஒரு குழுவை நடத்திவந்தார். இருதயராஜைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் அவருக்குத் தெரிந்த நகைச்சுவை எல்லாம் டீச்சரிடம் கற்றது. குழுவில் திரை இழுக்க வந்தவர் இருதயராஜ். எப்போது இழுக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ளவே அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

டீச்சர் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தார். கையில் இன்னும் சாக்பீஸ் தூள்.

"வாங்க இருதயராஜ். முகத்துல என்ன துணி? பல்லு ஏதும் புடுங்கினீங்களா?"

இருதயராஜ் முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"படம் பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன். ரெண்டு தடவை."

அவர் மேற்கொண்டு சொல்வார் என்று இருதயராஜ் காத்திருந்தார். டீச்சர் விளக்குச் சுவிட்சைப் போட்டார், ஜன்னல் கதவைத் திறந்தார், மேசை மேல் கிடந்த விடைத்தாள்களை அடுக்கினார்.

"ஒரே படம் டீச்சர். மொத நாள் பாத்தவன் சிரிச்சு வயிறு வலிக்குதுன்னு எழுதுறான். செவ்வாய்க்கிழமை பாத்தவன் தூங்கிட்டேன்னு எழுதுறான். ஒருத்தன் முதல் பாகத்தைவிட மேலங்கிறான். இன்னொருத்தன் ஆறிப்போன தோசைங்கிறான். இதுல யார் சொல்றது நிஜம்?"

"ரெண்டு பேரும் காசு குடுத்துத்தானே பாத்தாங்க."

"அதுக்குச் சொல்லல. எனக்குத் தப்பு எங்கேன்னு தெரியணும். ராத்திரிக்குள்ள படத்தைக் குறைக்கணும். சிங்காரம் அண்ணனை எடுத்துடச் சொல்றாங்க."

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"முழுசாவா?"

"முழுசா."

"ஏன்?"

"அவர் வந்தா யாரும் சிரிக்கிறதில்லையாம்."

"சிரிக்கல. வாஸ்தவம்தான்" என்றார் டீச்சர். "ஆனா அவர் வாளியைத் தூக்கிட்டு வர்றப்போ எனக்கு முன்னாடி உக்காந்திருந்த அம்மா போனை எடுத்து பையில வெச்சுட்டாங்க."

சொல்வதற்கு இருதயராஜிடம் வேறொன்று இருந்தது. வெகு நாளாகச் சொல்லிப் பெருமைப்பட்டது.

"முதல் பாகத்துல ஒரு குறை இருந்துச்சு டீச்சர். ஞாபகம் இருக்கா? ஒரு டயலாக்குக்கு ஜனங்க போட்ட சத்தத்துல அடுத்த டயலாக் கேக்காது. நான் உசுரைக் குடுத்து எழுதினது பாதி யார் காதுலயும் விழல. அதனால இந்தத் தடவை ஒவ்வொரு டயலாக்குக்கும் பின்னாடி சிரிக்க இடம் விட்டிருக்கேன். பழைய படத்தை மறுபடி தியேட்டர்ல போடச்சொல்லி, ஜனங்க எவ்வளவு நேரம் சிரிக்கிறாங்கன்னு பாத்து, அந்த அளவு விட்டேன்."

"நடிச்சவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"டயலாக் சொல்லிட்டு அப்படியே நில்லுங்க, அவங்க சிரிச்சு முடிக்கட்டும்னு சொன்னேன். ஒரு பையன் மட்டும், 'சிரிக்கலேன்னா சார்?'னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"சிரிப்பாங்க, நீ நில்லுன்னேன். எடிட்டர் நஸ்ரின்கூட இடம் அதிகமா இருக்குன்னு சொல்லிப் பாத்துச்சு. நான்தான் கை வைக்காதேன்னுட்டேன்."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"மத்தியானம் சாப்டீங்களா?"

"இல்ல."

"உக்காருங்க. மாவு இருக்கு."

அடுக்களையை ஒட்டியே சாப்பாட்டு மேசை. அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். டீச்சர் கல்லைப் போட்டார், முதல் தோசையை வார்த்தார், திருப்பினார், தட்டில் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. திரும்பிப் போய்க் கல்லில் அடுத்த தோசையை ஊற்றிவிட்டு, தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி மறுபடி வந்து நின்றார்.

இருதயராஜ் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். பசி. நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு டீச்சர்."

டீச்சர் சிரித்தபடி போனார். இரண்டாவது தோசை வந்தது. மூன்றாவது கல்லில் விழுந்தது. டீச்சர் வந்து நின்றார். முன்பு நின்ற அதே இடம். முகத்தில் அதே சிரிப்பு.

"ரொம்ப நல்லா இருக்கு."

டீச்சர் போகவில்லை.

"சட்னியும் நல்லா இருக்கு" என்றார் இருதயராஜ்.

டீச்சர் போனார். மூன்றாவதைக் கொண்டுவந்து போட்டார், நாலாவதை ஊற்றினார், வந்து நின்றார்.

இப்போது இருதயராஜ் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிட்டார். தலையைக் குனிந்துகொண்டு மென்றார். தண்ணீர் குடித்தார். மின்விசிறியைப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் டீச்சரின் சிரித்த முகம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நல்லா இருக்கு என்று சொல்ல அவர் நாக்கு இந்தத் தடவை எழும்பவில்லை. தோசை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

அடுக்களையிலிருந்து புகை வந்தது.

"டீச்சர், கல்லுல தீயுது."

"தெரியுது."

"போய்த் திருப்புங்க டீச்சர்."

"எப்படிப் போறது? நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

இருதயராஜ் கையில் எடுத்த விள்ளலைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

புகை மேசை வரைக்கும் வந்தது. டீச்சருக்கு இருமல் வந்தது. அப்போதும் நகரவில்லை. சிரிப்பும் மாறவில்லை.

குழாயடியில் நின்ற அந்த இரண்டு பேரின் பேச்சு இருதயராஜுக்கு ஞாபகம் வந்தது. முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். வெகு நேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையால் இருக்கலாம்.

"என்ன?" என்றார் டீச்சர்.

"டிப்ஸ் எவ்வளவு வைக்கட்டும் டீச்சர்?"

டீச்சர் உள்ளே போய் அடுப்பை அணைத்தார். கருகியதைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

இருதயராஜ் இடது கையால் போனை எடுத்து எடிட்டரைக் கூப்பிட்டார்.

"நஸ்ரின், ஒவ்வொரு டயலாக்குக்கும் பின்னாடி இடம் விட்டோமே."

"ஆமா சார். நீங்க கை வைக்காதேன்னு சொன்னது."

"எல்லாத்தையும் எடுத்துடு."

"எல்லாத்தையுமா சார்? அப்புறம் ஒருத்தர் பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சுடுவாரே."

"சண்டைன்னா அப்படித்தான இருக்கும்."

"மொத ரெண்டு நாள் மாதிரி கூட்டம் வந்து சிரிச்சா, பாதி டயலாக் கேக்காது சார்."

"கேக்காம போகட்டும்."

"சரி சார்."

"அதை எல்லாம் எடுத்தா அவங்க கேக்குற அளவுக்குக் குறையுமா?"

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. நஸ்ரின் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"அதுக்கு மேலயே வரும் போல இருக்கு சார். இவ்வளவா நின்னுட்டு இருந்தாங்க?"

"ம்."

"அப்ப சிங்காரம் சார் போர்ஷன்? புரொடியூசர் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. அதை முழுசா எடுக்கச் சொல்லி."

"அதுல ஒரு ஃப்ரேம் போகக் கூடாது. புகழேந்தி சார்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ ராத்திரியே வேலையை ஆரம்பிச்சுடு, நான் பஸ் ஏறி வந்துடுறேன்."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அடுக்களையில் மறுபடி அடுப்பு பற்றிக்கொண்டது. கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், பிறகு மாவு விழும் சத்தம்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ரெண்டு தடவை பாத்தேன்னு சொன்னீங்க. படம் உங்களுக்குப் பிடிச்சுதா, இல்லையா?"

டீச்சர் ஒரு தோசையைக் கொண்டுவந்து அவர் தட்டில் போட்டுவிட்டு, நிற்காமல், அவர் முகத்தைப் பார்க்காமல், அடுத்ததைத் திருப்பப் போனார்.