கிலோக் கணக்கில் ஆறாம் வகுப்பு

பள்ளிக்கூடம் திறக்க ஒரே ஒரு நாள்தான் பாக்கி. அந்த நேரத்தில் புத்தகக் கடை வைத்திருப்பவனுக்குச் சோறும் இறங்காது, தண்ணியும் இறங்காது. ஆலடிப்பேட்டை கோமதிநாயகம் அண்ணாச்சி கடையிலோ நோட்டெல்லாம் தீர்ந்துபோச்சு. சரக்கு எடுக்க அவரே திருநெல்வேலிக்கு ஓடியாக வேண்டும். கடையை யாரிடம் விட்டுப் போவது? கோணம்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த மூன்று மகாராசாக்கள் இருந்தார்கள்: பேச்சிமுத்து, உலகு, சப்பாணி. தங்கமான பிள்ளைகள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் சங்கடமே.

பேச்சிமுத்துவுக்கு அன்றைக்கு வாழ்வா சாவா என்கிற நிலைமை. உள்ளூர் வெள்ளத்துரையின் மகள் செண்பகத்தை அவனுக்குப் பேசியிருந்தார்கள். "வேலை நிரந்தரம் ஆகட்டும், பொண்ணு தாரேன்" என்று வெள்ளத்துரை ஒரே பிடியாக நின்றார். அண்ணாச்சியோ, "இன்னைக்கு ஒருநாள் கடையை ஒழுங்கா ஓட்டிக் காட்டுலே, நிரந்தரம் பண்ணுதேன்" என்றார். பிறகு கேட்பானேன்! அண்ணாச்சி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பயல் மந்திரம் மாதிரி முணுமுணுத்து மனப்பாடம் பண்ணிவிட்டான்.

"ஆளுகளை வரிசையில நிப்பாட்டு. சொந்தக்காரன், தெரிஞ்சவன்னு எவனையும் முன்னால விடாதே. இருக்கிற புத்தகத்துக்கெல்லாம் பிரவுன் பேப்பர்ல அட்டை போட்டு வை. அட்டை போட்டதை விரிக்காதே, மடிப்புக் கலைஞ்சிரும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணாச்சி."

பாவம், அவரும் நம்பி முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கடை திறப்பதற்குள் மூவரும் அத்தனை புத்தகத்துக்கும் அட்டை போட்டு முடித்தார்கள். அடடா, என்ன நேர்த்தி! ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் எல்லாம் ஒரே நிறம். லேபிள் ஒட்டச் சொல்லி அண்ணாச்சி சொல்லவில்லை, அதனால் ஒட்டவில்லை.

உலகுதான் முதலில் தலையைச் சொறிந்தான். "ஏலே பேச்சி, இதுல எது ஆறாவது, எது பத்தாவது?"

"விரிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சிரும்," என்றான் சப்பாணி.

"விரிக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி சொன்னாரா இல்லையா?" என்றான் பேச்சிமுத்து.

"சொன்னாரு."

"பின்னே?"

மூவரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். சப்பாணி முன்னே காய்கறிக் கடையில் இருந்தவன். அந்த மூளை சும்மா இருக்குமா?

"பெரிய வகுப்புன்னா பாடம் கூட. பாடம் கூடுனா கனம் கூட. தராசுல போட்டாத் தெரிஞ்சிரும்லா?"

பேச்சிமுத்துவுக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. எதிர்த்த வெங்காயக் கடையிலிருந்து தராசு வந்தது. ஒன்றாவது அரைக் கிலோ, ஆறாவது ஒன்றரைக் கிலோ என்று முடிவானது. பத்தாவது ரெண்டரைக்குக் குறைந்தால் பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அதையும் கூட்டி வைத்தார்கள்.

கதவைத் திறந்தால் வாசலில் ஊரே நின்றது. முதல் ஆளாக வந்து நின்றவர் யார் தெரியுமா? சாட்சாத் வெள்ளத்துரைதான். கடைசி மகன் ஆறாவது போகிறான், அவனுக்குப் புத்தகம் வாங்க வந்திருந்தார்.

"வரிசைன்னா எப்படிலே நிப்பாட்டணும்?" என்றான் உலகு.

"பள்ளிக்கூடத்துல பிரேயருக்கு நிக்கோம்லா, அப்படித்தான். குட்டை முன்னால, நெட்டை பின்னால," என்றான் பேச்சிமுத்து.

வெள்ளத்துரை ஆறடி இரண்டு அங்குலம். முதலில் வந்தவர் கடைசிக்குப் போனார். புதிதாக ஒரு குட்டை ஆசாமி வந்தால் நேரே முன்னால் போவார், வெள்ளத்துரை இன்னும் ஓரடி பின்னால் நகர்வார். பதினொரு மணிக்கெல்லாம் வரிசையோடு சேர்ந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார்.

"மாப்பிள்ளே! நாந்தான்!" என்று அங்கிருந்து கத்தினார்.

பேச்சிமுத்து தராசை அப்படியே போட்டுவிட்டு இறங்கினான். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். "மாமா, வேற யாராயிருந்தாலும் விட்டிருப்பேன். நீங்க சொந்தமாகப் போறவுக. முன்னால விட்டா வேலை போயிரும், வேலை போனா நீங்க பொண்ணு தர மாட்டீக."

அவருக்கே அது நியாயமாகப் பட்டது. பின்னாலேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கால் கடுத்த ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்தார். உலகு அளந்து பார்த்தான். ஆள் இப்போது குட்டை! உடனே முன்னால் அனுப்பிவிட்டான். அதைப் பார்த்ததுதான் தாமதம், வரிசை முழுக்க பொதுக்கென்று உட்கார்ந்தது. வேட்டியும் சேலையுமாகத் தெரு நெடுக வாத்து நடை. பஸ் நின்றுபோச்சு. போலீஸ்காரர் ஒருவர் விசிலோடு வந்தார்.

"என்னய்யா போராட்டம்? என்ன கோரிக்கை?"

"எட்டாவது செட்டு, சார்," என்றார் உட்கார்ந்திருந்த ஒருவர்.

போலீஸ்காரர் மகள் நாலாவது படிக்கிறாள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

வெள்ளத்துரை உட்கார்ந்தாலும் ஒரு தலை உயரம்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் தடாலென்று நடுரோட்டில் மல்லாக்கப் படுத்துவிட்டார். உலகு ஸ்கேலோடு ஓடிவந்து அளந்தான்.

"ஏலே பேச்சி, முக்கால் அடி! இவரைவிடக் குட்டை இந்த ஊர்லயே இல்லலே!"

வழி விட்டார்கள். மாமனார் உருண்டே வந்து கடைக்குள் சேர்ந்தார். பேச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே அடுக்கிலிருந்து எடுத்து எடுத்து வைத்து, ஒன்றரைக் கிலோ முள் அசையாமல் நிறுத்துக் கொடுத்தான்.

நாலு மணிக்கு அண்ணாச்சி வந்தபோது கடை துடைத்து வைத்த மாதிரி காலி.

"புத்தகமெல்லாம் எங்கலே?"

"வித்தாச்சு அண்ணாச்சி. ஒரு கிராம் குறையல!"

நடந்ததை மூவரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல, அண்ணாச்சி வாங்கி வந்த நோட்டுக்கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார். தண்ணி தெளித்து எழுப்பினார்கள். எழுந்ததும் முதல் காரியமாக மூவரையும் வேலையைவிட்டுத் துரத்தினார்.

பேச்சிமுத்து மூக்கைச் சிந்திக்கொண்டே வெள்ளத்துரை வீட்டுக்குப் போனான். "மாமா, வேலை போச்சு. செண்பகத்துக்கு வேற இடம் பாத்துக்கோங்க."

"வேலை கிடக்கட்டும் மாப்பிள்ளே!" வெள்ளத்துரை அவனை அப்படியே அலாக்காகத் தூக்கிவிட்டார். "வீட்டுல வந்து விரிச்சுப் பாத்தா, அத்தனையும் பத்தாவது புத்தகம்! எம்பிள்ளைக்கு நாலு வருசப் படிப்பை மிச்சம் பண்ணிட்டீரே! இந்தச் சாமர்த்தியம் எவனுக்கு வரும்? வர்ற ஆவணியில கல்யாணம்!"

மறுநாள் மகன் பையைத் தூக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். வெள்ளத்துரையே தோளில் மாட்டிக்கொண்டு போனார். "பத்தாவது புத்தகம் கொண்டுவந்தவங்கல்லாம் உள்ள போய் உக்காருங்க," என்றார் பத்தாம் வகுப்பு வாசலில் நின்ற வாத்தியார். புத்தகம் யார் தோளில் இருந்தது? வெள்ளத்துரை போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மகன் கையை வீசிக்கொண்டு ஆறாவதுக்குப் போனான்.

ஆவணி வந்தது. வெள்ளத்துரை நோட்டில் தாள் கிழித்து, 'என் மகளுக்குக் கல்யாணம் என்பதால் எனக்கு ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிக்கொண்டு போனார். வாத்தியார் கண்டிப்பானவர். வீட்டுப் பெரியவர் கையெழுத்து இல்லாமல் லீவு கிடையாது என்றுவிட்டார். வெள்ளத்துரையின் அப்பாவோ காலமாகிப் பத்து வருஷம். கடைசியில் மாப்பிள்ளை பேச்சிமுத்துதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். போட்டுவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டு கீழே ஒரு வரியும் சேர்த்தான்:

'பையன் வீட்டில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. கொஞ்சம் கண்டித்து வைக்கவும்.'