கப்பல் ஏட்டில் ஒரு தழும்பு

கீழைக் கடலோரத்தில் மணலூர்ச் சீமை என்று ஒன்று இருந்தது. நாடு என்னவோ உள்ளங்கை அகலம்தான். ஆனால் ராஜா முகில்வண்ண பூபதியின் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. கொலு மண்டபத்தில் அவர் காலை வைத்ததும் கட்டியக்காரன் தொண்டை கிழியக் கூவுவான்: "எட்டுத் தலைமுறையாக எவருக்கும் முதுகு காட்டாத குலத்தில் உதித்த மகாராஜா வருகிறார், பராக்." அதைக் கேட்டால்தான் ராஜாவுக்கு அன்றைய சாப்பாடு செரிக்கும்.

அந்தச் சபையில் அம்பலவாணன் என்றொரு விகடக்காரர். வாய் சும்மா இருக்காது. அந்த வாயே ஒருநாள் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

ராஜாவுக்கு ஒரு தம்பி உண்டு. இருபது வருசத்துக்கு முன்னால், பதினாறு வயசில், அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு விடிகாலையில் மதிலேறிக் குதித்து ஓடிப்போனவர். அலைவாய்த் துறையில் புகைக்கப்பல் ஏறிப் பினாங்கு போனார் என்பதோடு சரி. அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

இப்போது திவான் வைத்தியலிங்கம் ஒருவரைக் கூட்டிவந்து சபையில் நிறுத்தினார். பட்டுக் கைலி, தலையில் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு.

"மகாராஜா, இதோ உங்கள் தம்பி."

சாட்சிக்குக் காகிதமும் கொண்டுவந்திருந்தார். அந்தக் காலத்தில் கப்பல் ஏறுகிறவர்களைத் துறைமுகத்து மேசைக்கு முன்னால் ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயசு, உடம்பில் என்ன அடையாளம் என்று எல்லாவற்றையும் குமாஸ்தா ஏட்டில் எழுதிக்கொள்வான். அந்த ஏட்டுப் பக்கத்தை முழுசாக நகலெடுத்து, முத்திரை வைத்து வாங்கியிருந்தார் திவான்.

"கேளுங்கள். 'இடது முழங்காலுக்குக் கீழே புதுக்காயம்.' மதில் குதித்தபோது பட்டது. அரண்மனையில் ஒருத்தர் கண்ணிலும் படாத காயம். ஐயா, காலைக் காட்டுங்கள்."

வந்தவர் கைலியைத் தூக்கினார். இடது முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கே பாதிச் சீமையைத் தம்பி பேருக்கு எழுதிவைக்கிறேன்" என்றார்.

"ம்ஹூம்" என்றார் அம்பலவாணன்.

"என்னய்யா ம்ஹூம்?"

"உங்கள் தம்பி நீங்கள் தெற்கு என்றால் வடக்கு என்கிற பேர்வழி. இவர் காலையிலிருந்து நீங்கள் தும்மினால்கூடத் தலையாட்டுகிறார்."

திவான் சீறினார். "ராஜ ரத்தத்தைச் சந்தேகப்படுகிறவனுக்கு இந்தச் சீமையில் இடம் கிடையாது."

ராஜாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "அம்பலம், நாளைக் காலைக்குள் இவர் என் தம்பி இல்லை என்று காட்டும். முடியாவிட்டால் குடும்பத்தோடு சீமையை விட்டுக் கிளம்பும்."

அம்பலவாணன் அந்த நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சேதி அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. மனைவி உலகம்மை சட்டிபானையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருக்குப் போகிறோம் என்றாவது சொல்லுங்கள்."

"கொஞ்சம் பொறு" என்று காகிதத்தைப் படித்தார். அந்தப் பக்கத்தில் இளையவர் மட்டுமா இருந்தார்? அவரோடு சேர்த்து, அன்று அதே மேசையில் பெயர் கொடுத்த முப்பது பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் ஊர் திரும்பி, கடற்கரைத் தெருவில் குடியிருந்தார்கள். சாயங்காலமே போய் மூவரையும் பார்த்தார். திரும்பி வந்தவர் முகம் பூவாக இருந்தது.

"மூட்டையை அவிழ். சோறாக்கப் பானை வேண்டும்."

மறுநாள் சபை கூடியது.

"மகாராஜா, நான் ஏட்டைப் படிக்கிறேன், நீங்கள் ஆளைப் பாருங்கள். 'கருத்தமுத்து, இடது புருவத்தில் வெட்டு.'"

கருத்தமுத்து வந்து நின்றார். வெட்டு வலது புருவத்தில் இருந்தது.

"'மீராசா, வலது காதில் பாதி இல்லை.'"

மீராசா தலைப்பாகையை அவிழ்த்தார். வலது காது முழுசாக இருந்தது. இடதுதான் அரைக்காது. "நாய் கடித்தது மகாராஜா" என்றார், யாரும் கேட்காமலே.

"'சவரிமுத்து, இடது கையில் ஆறு விரல்.'"

சவரிமுத்து வலது கையை விரித்தார். சபை மொத்தமும் வாய்க்குள் எண்ணியது. ஆறு.

"என்னய்யா கூத்து இது?" என்றார் ராஜா.

"மேசைக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா, இந்தப் பக்கம் ஆள். எதிரே நிற்கிறவனுடைய வலது கை, குமாஸ்தாவின் இடது கைக்கு நேராகத்தானே வரும்? அவன் தன் கையை வைத்தே எழுதித் தள்ளிவிட்டான். பக்கம் முழுக்க இடம் வலமாகக் கிடக்கிறது. ஏட்டில் இடது கால் என்றால், இளையவருக்கு அடிபட்டது வலது கால். இவருக்கோ ஏட்டில் எழுதினபடியே தழும்பு இருக்கிறது. இவர் கப்பலிலிருந்து இறங்கவில்லை மகாராஜா, இந்தக் காகிதத்திலிருந்து இறங்கியிருக்கிறார்."

திவான் விடுவாரா? "மற்றவர்களுக்கு மாற்றி எழுதினவன் இளையவருக்கு மட்டும் சரியாக எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருக்கலாம் திவான் அவர்களே. அதற்கு ஒரே வழிதான். மற்ற இருபத்தொன்பது பேரும் குமாஸ்தாவைப் பார்த்து நிற்க, இளையவர் ஒருவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பெயர் கொடுத்திருக்க வேண்டும். எட்டுத் தலைமுறையாக எவருக்கும் முதுகு காட்டாத குலம், போயும் போயும் ஒரு குமாஸ்தாவுக்கா காட்டியது? ஒன்று, கட்டியக்காரன் பொய் சொல்கிறான். இல்லையென்றால் திவான் பொய் சொல்கிறார். யாரென்று மகாராஜாவே சொல்லட்டும்."

கட்டியக்காரன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அதற்குள் பட்டுக் கைலிக்காரர் தொப்பென்று காலில் விழுந்தார்.

"நான் பக்கத்துச் சீமைக் கூத்தாடி, சாமி. தீப்பந்தம் ஆடும்போது பட்ட தழும்பு இது. சீமை கிடைத்தால் தாம் ஆளலாம் என்று கணக்குப் போட்டு, இடது காலில் தழும்பு உள்ள ஆள்தான் வேண்டும் என்று திவான் ஐயா ஏழு ஊர் அலைந்து என்னைப் பிடித்தார்."

"பாவம், கால் மாறி அலைந்திருக்கிறார்" என்றார் அம்பலவாணன்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கோணிக்கொண்டது. கூத்தாடியைப் பார்த்து, "ஒரு நாள் முழுக்க ராஜ வேஷம் கட்டிவிட்டாய். திருவிழாவுக்கும் நீயே கட்டு" என்றார். திவானைப் பார்த்து, "நீர் அடுத்த கப்பலில் பினாங்கு போய் என் தம்பியைத் தேடும். வலது கால், மறந்துவிடாதேயும்" என்றார்.

பிறகு தம் வலது கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அரண்மனை எழுத்தர் ராஜாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'மகாராஜாவின் இடது கைக் கடகம் பரிசு' என்று ஏட்டில் எழுதினார்.

அம்பலவாணன் எட்டிப் பார்த்தார்.

"அரண்மனை ஏடு பொய்யாகக் கூடாது மகாராஜா. அந்தக் கையில் இருப்பதையும் கழற்றிவிடுங்கள்."