முரசு கேட்கும் தூரத்தில் ஒரு வீடு

கோதண்ட பூபதி நெடுங்கோட்டையை ஆண்டுகொண்டிருந்தபோது, ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. அளகேசனின் வீட்டுக்குள்ளும் வந்தது. திரும்பிப் போகும்போது வீட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அளகேசனுக்கு அவையில் ராஜாவைச் சிரிக்க வைக்கிற உத்தியோகம். வெள்ளத்தில் மிஞ்சியது அவன், அவன் மனைவி உலகம்மை, இரண்டு பெண் குழந்தைகள், ஓர் அம்மிக்கல். அம்மிக்கல்லை ஆற்றால் தூக்க முடியவில்லை. கையில் முப்பது பொன் இருந்தது. ஊருக்கு வெளியே சத்திரத்தில் ஒரு மூலை கிடைத்தது.

அவையில் ஒரு விதி உண்டு. அரண்மனை முரசு கேட்கும் தூரத்தில்தான் அவைக்காரர்கள் குடியிருக்க வேண்டும். அந்த விதியை எல்லாரும் மறந்திருந்தார்கள். நகர அதிகாரி தண்டபாணி மட்டும் மறக்கவில்லை. பெயருக்கு ஏற்ற மனிதர். நாளைக்கு நான்கு பேருக்காவது தண்டம் விதிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அளகேசன் தம்மைக் கேலி செய்து அவையைச் சிரிக்க வைத்ததையும் அவர் மறக்கவில்லை. அவருக்கு வேலையில்லாத மைத்துனன் ஒருவனும் இருந்தான்.

“மகாராஜா, சத்திரத்துக்கு முரசு கேட்காது. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே?”

ராஜாவுக்குச் சங்கடமாக இருந்தது. உதவலாம் என்றால், கரையை அடைத்ததிலேயே கஜானா காலி.

“அளகேசா, பத்து நாளுக்குள் கோட்டைக்குள் ஒரு வீடு பார்த்துக்கொள். இல்லாவிட்டால்...”

“இல்லாவிட்டால் என் மைத்துனன் தயாராக இருக்கிறான்” என்றார் தண்டபாணி, ஆபத்துக்கு உதவ வந்தவர் மாதிரி.

மறுநாள் காலையிலேயே அளகேசனும் உலகம்மையும் வீடு பார்க்கக் கிளம்பினார்கள்.

யானைக்கொட்டடித் தெருவில் ஒரு வீடு இருபத்தைந்து பொன். காற்றோட்டமான வீடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக ஒரு துதிக்கை உள்ளே வந்து, உலகம்மையின் கூடையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது.

“இது தினமும் வருமா?” என்று கேட்டாள் உலகம்மை.

“பழம் இருந்தா வரும்மா” என்றார் வீட்டுக்காரர்.

“இல்லாட்டி?”

“கோபமா வரும்.”

பாத்திரம் தட்டுகிறவர்களின் தெரு அரண்மனைக்குப் பின்புறமே இருந்தது. அங்கே ஒரு வீட்டுக்காரர் விலையை நான்கு தரம் சொல்லியும் காதில் விழவில்லை. “இங்கே முரசு கேட்குமா?” என்று அளகேசன் கத்தினான். “என்னது?” என்றார் வீட்டுக்காரர்.

அகழி ஓரத்தில் ஒரு வீடு பதினைந்து பொன்னுக்கே கிடைத்தது. அதில் பாதி ஏற்கெனவே அகழிக்குள் இருந்தது. உலகம்மை வாசலோடு திரும்பிவிட்டாள்.

ஏழாம் நாள் சத்திரத்தில் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரையே சிரிக்க வைக்கிறவன் அன்று இரவெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே மெல்லச் சொன்னான்: “உத்தியோகத்தை விட்டுடறேன். உங்க அப்பா ஊருக்கே போயிடலாம்.”

“மலிவான தெருவெல்லாம் பார்த்தாச்சுங்க” என்றாள் உலகம்மை. “நாளைக்கு விலை கூடுன தெருவுக்குப் போவோம்.”

“முப்பது பொன்னை வச்சுக்கிட்டா?”

“பார்க்கிறதுக்குக் காசு கேட்க மாட்டாங்களே.”

பத்தாம் நாள் அவை கூடியது. தண்டபாணி தம் மைத்துனனைக் குளிப்பாட்டிப் பட்டு உடுத்திக் கூட்டி வந்திருந்தார்.

“வீடு கிடைத்ததா, அளகேசா?” என்றார் ராஜா.

“கிடைத்தது மகாராஜா. மேலராஜ வீதி. ஆறு அறை, இரண்டு கிணறு, கொல்லையில் நான்கு தென்னை. முரசு அடித்தால் கூரை ஓடு அதிரும். விலை இருபத்தெட்டு பொன். மிச்சம் இரண்டில் வண்டி பேசிச் சாமான்களை, அதாவது அம்மியை, இறக்கியாயிற்று.”

தண்டபாணி துள்ளி எழுந்தார். “பொய்! நான் குடியிருப்பதே மேலராஜ வீதியில்தான். அங்கே முந்நூறு பொன்னுக்குக் குறைந்து வீடே கிடையாது. மிரட்டி வாங்கியிருக்கிறான்!”

“யாரிடம் வாங்கினாய்?” என்றார் ராஜா.

“உப்பு வியாபாரி மாசிலாமணியிடம். அவரும் முந்நூறு என்றுதான் ஆரம்பித்தார். மூன்று வருஷமாக விற்கப் பார்க்கிறாராம். வருகிறவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்களாம். கிணற்று நீரைக் குடித்துப் பார்த்துத் தேன் என்கிறார்களாம். பக்கத்து வீடு யாருடையது என்று கேட்கிறார்களாம். போய்விடுகிறார்களாம்.”

“அப்படி யார் பக்கத்து வீட்டில்?”

“அவர் மாசிலாமணியின் பசு கத்தியதற்கு ஒரு பொன் தண்டம் போட்டிருக்கிறார். அவருடைய தென்னை நிழல் தம் சுவரில் விழுந்ததற்கு இரண்டு பொன். தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போனதற்கு, லஞ்சம் கொடுக்க வந்ததாகச் சொல்லி ஐந்து பொன். ‘வீட்டுக்கு முந்நூறு, பக்கத்து வீட்டுக்காக இருநூற்று எழுபத்திரண்டு தள்ளுபடி, இன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று மாசிலாமணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.”

அவை முழுக்கத் தண்டபாணியைத் திரும்பிப் பார்த்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். ராஜா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம், பசுவுக்குத் தண்டம் என்பது மனசில் இறங்கியதும், சிரிப்பை நிறுத்தினார்.

“என் பெயரைச் சொல்லியா இதெல்லாம்? தண்டபாணியை இன்றே எல்லைக் காவலுக்கு மாற்றுகிறேன்.”

“மகாராஜா, ஒரு வாரம் பொறுத்து மாற்றினால் நல்லது” என்றான் அளகேசன் பணிவாக.

“ஏன், அவர் மேல் இரக்கமா?”

“இல்லை மகாராஜா. அவர் வீட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. என் தங்கை நாளைக்குத்தான் பார்க்க வருகிறாள்.”

ராஜா இரண்டு வாரம் கொடுத்தார்.