மாவு நாணயக் கட்சியின் பத்தாவது கையெழுத்து

பணம் புளிக்க வேண்டும் என்பதுதான் அகில உலக மாவு நாணயக் கட்சியின் ஒரே கொள்கை. ரூபாய்த் தாளுக்குப் பதிலாக இட்லி மாவையே நாணயமாக்கிவிட்டால் எவனும் பதுக்க மாட்டான் என்று, அதன் நிறுவனத் தலைவர் ஞானதிரவியம் கோவில்பட்டி முழுவதும் முழங்கிவந்தார். சட்டமன்றத் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்ய அன்று மூன்று மணியோடு கெடு முடிகிறது. முன்மொழியப் பத்து வாக்காளர்கள் வேண்டும். ஒன்பது பேர்தாம் அகப்பட்டிருந்தனர். ஆகவே வேர்க்க விறுவிறுக்கச் செண்பகவல்லியின் மாவுக் கடைக்கு வந்து நின்றார்.

“முள்ளிப்பட்டியில நம்ம நாணயத்தை ஓட்டிப் பாத்தோம் தாயி. சாயங்காலத்துக்குள்ள செலவழிக்கணுமே. கடன் கொடுக்குதவன் வீடு வீடாப் போயி, ‘வாங்கிக்கிடுங்க சாமி’ன்னு காலைப் பிடிச்சான். வாங்குதவன் கதவைச் சாத்திக்கிட்டான்.”

மாவுக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர் கோமதிநாயகம், “பதுக்குதவன் ஃபிரிட்ஜ்ல வச்சிருப்பானே அண்ணாச்சி?” என்றார்.

தலைவர் ஒரு நொடிதான் திகைத்தார்.

“வச்சானே. ஒரு பண்ணையார் வீடு முழுக்க ஃபிரிட்ஜா அடுக்கினார். அன்னைக்குன்னு கரண்டு போச்சு. மாவு பொங்கி, மாடியைத் தூக்கி, பண்ணையாரைக் கட்டிலோட அடுத்த தெருவுல இறக்கிருச்சு. வருமான வரிக்காரங்க வாசனை பிடிச்சே வந்து, கரண்டியோட நின்னாங்க.”

செண்பகவல்லி கிரைண்டரிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை. தலைவர் கதையை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

“அப்புறம் நாட்டோட வெளிக்கடன் முழுசையும் மாவாலயே அடைச்சோம். கப்பல் கப்பலா அனுப்பினோம். நடுக்கடல் வெயில்ல அம்புட்டும் வெந்து, இட்லியாப் போய் இறங்குச்சு. கடன் கொடுத்தவன் பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, சட்னிக் கப்பல் எப்ப வரும்னு கேட்டான்.”

“பேப்பர்ல வரலியே” என்றார் கோமதிநாயகம்.

“எப்படி வரும்? பேப்பர் அம்புட்டும் இட்லிப் பொட்டலம் கட்டப் போயிருச்சு.”

செண்பகவல்லி கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவினார்.

“போன தேர்தல்லயும் இதே கதையைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குனீங்க. முன்மொழிஞ்சது பத்துப் பேரு. விழுந்தது மூணு ஓட்டு. மிச்சம் எங்க அண்ணாச்சி?”

“பொங்கிருச்சு தாயி. மெஷின் கொள்ளாம வழிஞ்சு, பக்கத்துத் தொகுதி மெஷின்ல போய் விழுந்துருச்சு. அங்க ஜெயிச்சவன் அதுலதான் ஜெயிச்சான்.”

செண்பகவல்லி மனுவை வாங்கி, ஈரம் துடைத்த கையால் கையெழுத்திட்டார். தலைவரின் நெஞ்சு நிமிர்ந்தது.

“கையெழுத்து எத்தனை தடவை வேணும்னாலும் போடுதேன் அண்ணாச்சி” என்று மனுவைத் திருப்பித் தந்தார் செண்பகவல்லி. “ஓட்டு மட்டும் கேட்டு வந்துராதீங்க.”