கத்தி படாத கல்வாழை

சிறுமலை அடிவாரத்தில் அம்பலவாணர் என்று ஒரு சாமியார் மடம் வைத்திருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "சாமி மொகத்தப் பாத்ததுமே மனசு லேசாயிருச்சுப்பா." ஏற்கெனவே லேசான மனசோடுதான் சாமி முன்னால் போய் நின்றோம் என்பதை யாரும் சொல்வதில்லை. அது அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். வந்தவர் நேரே சாமியிடம் போகக் கூடாது. முதலில் வாசல் கொட்டகையில் உட்கார வேண்டும். அங்கே சௌந்தரம் இருப்பாள். ஐம்பத்திரண்டு வயது, சாமியைவிட நாலு வயது மூத்தவள். வந்தவர் தன் பாரத்தை அவளிடம் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குடிகாரப் புருஷன், ஓடிப்போன மகள், பாகப்பிரிவினைச் சண்டை, புற்றுநோய், எல்லாம் அவள் காதில்தான் விழும். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முகம் கழுவிக்கொண்டு அவர்கள் உள்ளே போவார்கள்.

சௌந்தரம் வாசலில் உட்கார வந்தவள் அல்ல. மௌனம் இருக்க வந்தவள். பின்கட்டில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. "ரெண்டு வருசம் வாசலப் பாத்துக்கங்கம்மா, அப்புறம் உள்ள வந்துருங்க" என்றுதான் அன்றைக்குச் சாமி சொன்னார். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவள் கேட்பாள். "அடுத்த பூசம் வரட்டும்மா" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், அதுதான் இன்னும் எரிச்சல்.

போன வாரம் பக்கத்து ஊர்ப் பவுனுத்தாய் வந்தாள். பதினாறு வயதுப் பெண்ணைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். கொட்டகையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சௌந்தரம் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் வாயிலிருந்து வந்தது.

"ஒண்ணத்தான பறிகுடுத்த. நேத்து வந்தவ மூணு பறிகுடுத்தவ. அவளே இவ்வளவு அழல."

பவுனுத்தாய் அழுகையை நிறுத்தினாள். சௌந்தரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, சாமியைப் பார்க்காமலேயே போய்விட்டாள். மறுபடி வரவில்லை.

சொன்னது நான்தானா என்று சௌந்தரத்துக்கே நம்ப முடியவில்லை. அதைவிடக் கொடுமை, சொன்ன அந்த நொடியில் அவளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது. அதை நினைத்து நினைத்து நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அஞ்சாம் நாள் காலை சாமியைத் தேடிப் போனாள். அவர் தோட்டத்துக் குளத்தருகே நின்றிருந்தார்.

பக்தர் ஒருவர் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்துக் கட்டிக்கொடுத்த குளம் அது. வண்ண மீன்களும் விட்டிருந்தார். மூன்றே மாதத்தில் தண்ணீர் பாசி பிடித்து அடி தெரியாமல் போனது. சௌந்தரம் நாற்றுப் பண்ணைக்காரர் மகள். ஒரு நீல டிரம்மை நெடுக்காகப் பிளந்து, ஜல்லி கொட்டி, கல்வாழையும் சேம்பும் நட்டு, சின்ன மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரை அதற்குள் ஏற்றினாள். ஒரு முனையில் ஏறிய கலங்கல் தண்ணீர், கல்லுக்கும் வேருக்கும் நடுவே ஊர்ந்து, மறு முனையில் வடிந்து குளத்திலேயே விழுந்தது. மீன் கழித்த அழுக்குத்தான் செடிக்குத் தீனி. மூன்று வாரத்தில் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம்போல் ஆகிவிட்டது. பக்தர்கள் அது சாமியின் மகிமை என்றார்கள். டிரம்முக்கு யாரோ குங்குமம்கூட வைத்தார்கள்.

ஆனால் மடத்துக்குள் பச்சையாக நிற்கிற எதன்மேலும் கத்தி படக் கூடாது என்பது சாமியின் கட்டளை. சாம்பாருக்குக் கீரை? அது சந்தையிலிருந்து வந்தது. வேறு யாரோ அறுத்த கீரை, அந்தப் பாவம் அங்கேயே இறங்கிக்கொண்டது போலிருக்கிறது. ஆகவே கல்வாழையை யாரும் தொடவில்லை. இரண்டு வருடத்தில் அது ஆள் உயரம் வளர்ந்து, அடைத்துக்கொண்டு, பழைய தண்டெல்லாம் டிரம்முக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது.

"என்னம்மா?" என்றார் சாமி.

சௌந்தரம் பவுனுத்தாயிடம் சொன்னதைச் சொன்னாள். ஒரு சொல் மறைக்கவில்லை. சுகமாக இருந்ததையும் சொன்னாள்.

"ஒம்போது வருசமா நல்ல வார்த்த மட்டுந்தான் சொன்னேன் சாமி. எங்கிட்டருந்து எப்படி இது வந்துச்சு?"

சாமி தண்ணீரைக் காட்டினார். ஏழெட்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. மிச்சம் இருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"தண்ணி நாறுது. செடி அழுக்கக் குடிச்சிரும்னு சொன்னீங்களே."

"குடிச்சுச்சு சாமி. ரெண்டு வருசம் குடிச்சுச்சு."

"இப்ப என்ன வந்துச்சு?"

"பழைய தண்ட வெட்டி வெளிய போட்டாத்தான் அழுக்கு போகும். வெட்டாம விட்டா அங்கனயே அழுகிரும். குடிச்சதெல்லாம் திருப்பித் தண்ணிக்குள்ளயே கக்கிரும்."

"தெரிஞ்சும் ஏன் வெட்டல?"

"கத்தி படக் கூடாதுன்னு சொன்னது நீங்க."

சாமி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு தண்டை இழுத்தார். அது கையோடு வந்தது. கறுத்துக் கூழாகி, சாக்கடை நாற்றம் அடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அரிவாள எடுத்துட்டு வாங்க" என்றார்.

சௌந்தரம் அடுக்களையிலிருந்து அரிவாளைக் கொண்டுவந்தாள். சாமி வாங்கி ஒரு கல்வாழையை இடுப்பளவில் வெட்டினார். பழகாத கை. வெட்டுப் பிசிறியது.

"அங்க இல்ல சாமி. அடியில வெட்டணும். வேர மட்டும் விட்ரணும்."

"நீங்களே வெட்டுங்க."

அவள் வாங்கி வெட்டினாள். வெட்ட வெட்ட வெறி வந்தது. அழுகல், நல்லது, பூத்தது, பூக்காதது ஒன்றையும் பார்க்கவில்லை. வேர் மட்டும் நிற்க, எல்லாவற்றையும் வாரி ஆறு கூடை கொண்டுபோய் வாழைத் தோட்டத்து ஓரத்தில் கொட்டினாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. புடவையெல்லாம் சேறு.

"பொழச்சுக்குமா?" என்றார் சாமி.

"பதினஞ்சு நாள்ல குருத்து வந்துரும்."

"சரி."

அவ்வளவுதான் என்பதுபோல் அவர் திரும்பினார். சௌந்தரம் அரிவாளைக் கீழே போடவில்லை.

"இன்னைக்கே நான் உள்ள வந்துரணும் சாமி. வாசல்ல இனிமே உக்கார மாட்டேன். உத்தரவு குடுங்க."

"வர்ற தைப்பூசம்..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணு கேக்குறேன். இந்த ஒம்போது வருசத்துல உங்க முன்னால யாராச்சும் அழுதிருக்காங்களா?" என்றாள் சௌந்தரம்.

சாமி யோசித்தார். ஒப்புக்கு இல்லை, உண்மையாகவே யோசித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"இல்லம்மா."

"எனக்கு அந்தப் பவுனுத்தாய் மொகம் கண்ணுக்குள்ளயே நிக்கிது. இன்னொருத்தி வந்து ஒக்காந்தா இதவிட மோசமாச் சொல்லிருவேன். சொல்லணும்னு நாக்கு அரிக்கிது சாமி. நான் இப்படி இருந்தவ இல்ல."

வாசலில் மணி அடித்தது. கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், அழுது அழுது கம்மிப்போன குரல், "யாரும் இல்லீங்களா?" என்றது.

சாமியின் கண் தன்னால் சௌந்தரத்தின் பக்கம் திரும்பியது. ஒன்பது வருடப் பழக்கம். அவள் அதைப் பார்த்தாள். அவர் அடிமடியில் கைவைத்ததுபோல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் கும்பிட்ட மனுஷன் இவர்தான் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. அழவில்லை.

மணி இரண்டாம் தடவை அடித்தது.

"உத்தரவு குடுங்க சாமி."

சாமி குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"செடிய எடுத்துரட்டுமான்னு குளத்துக்கிட்டப் போயிக் கேட்டா, எடுன்னு சொல்லுமாம்மா? எனக்கு உங்கள விட மனசு வராது. எந்தத் தைப்பூசத்துக்கும் வராது. இனிமே எங்கிட்டக் கேக்காதீங்க. கேக்காமலே உள்ள போயிருங்க."