இருபதாவது உயிர்

“ஒரே ஒரு நத்தை கொடு, ஜெபராஜ். அது போதும்.”

இதைச் சொன்னபோது ஆவுடை முழங்கால்வரை சேற்றில் நின்றிருந்தாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். செருப்புகளில் ஒன்றைச் சேறு விழுங்கியிருந்தது.

ஜெபராஜ் நிமிரவில்லை. கழிமுகத்தின் ஓரத்தில் குனிந்து நத்தைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“நாற்பத்தொண்ணு,” என்றான். “எதுக்கு மேடம்?”

“இருபதாவதுக்கு.”

இருபத்தாறு வருடங்களில் பத்தொன்பது உயிர்களின் மரபணுக்களை அவள் படித்திருந்தாள். கொசு, முத்துச்சிப்பி, தென்னையைத் துளைக்கும் வண்டு, ஆழ்கடல் பஞ்சு, பனிமலைப் பாசி. கொசுவைத் தவிர எதையும் உயிரோடு பார்த்ததில்லை.

யாராவது ஒரு துண்டைக் குப்பியில் போட்டு அனுப்புவார்கள். அதை அவள் வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டாள். தானே கரைத்து, தானே பிரித்தெடுத்து, இயந்திரத்தில் வைப்பாள். பிறகு கணினித் திரையில் எழுத்துகள் ஓடும். அவற்றோடுதான் அவளுக்குப் பேச்சு.

பத்தொன்பதிலும் ஒன்று கிடைத்திருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு நுண்ணுயிரி. கொசுவிலும் அதுதான், கடல் பஞ்சிலும் அதுதான்.

“எல்லா உயிருக்குள்ளயும் ஒரே விருந்தாளி,” என்றாள். “யாரும் பார்க்காதது. நான் பார்த்திருக்கேன். ஆராய்ச்சிப் பத்திரிகையில கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு உயிர்ல காட்டச் சொல்றாங்க, மாசக் கடைசிக்குள்ள. அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. என் பேர் சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு.”

அவன் ஒருகாலத்தில் அவளுடைய மாணவன். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு இந்தக் கரைக்கு வந்தவன். பதினோரு வருடமாக ஒரே நத்தை இனத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான். அதைச் சொல்லி ஆய்வகத்தில் சிரிப்பார்கள். அவளும் சிரித்ததுண்டு.

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். தோள்பையிலிருந்து ஒரு மூடிய குப்பியை எடுத்துக் கொடுத்தான்.

அவள் அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

“உள்ள ஒண்ணுமே இல்லையே.”

“ஆமா மேடம்.”

“என்ன விளையாட்டு இது?”

“நத்தைக்கு என்னென்ன செய்வீங்களோ, அதையெல்லாம் இதுக்கும் செய்ங்க.”

“ஒண்ணுமில்லாததுல ஒண்ணும் வராது. அதைப் பார்க்க ஒரு வாரத்தை வீணாக்கணுமா? வெறுங்குப்பியை ஓட்டிச் சரிபார்க்கணும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே யாரு?”

“நீங்கதான்.”

“பின்னே?”

“சொல்லிக்கொடுத்தீங்க. நீங்க செஞ்சு நான் பார்த்ததில்லை.”

“என் கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.”

“நத்தை எங்கேயும் ஓடிடாது மேடம். இதை முடிச்சிட்டு வாங்க. கூடை நிறையத் தர்றேன்.”

அவள் ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினாள்.



பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தாள். உச்சி வெயில். ஜெபராஜ் வீட்டுக்குள் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். கதவோரம் ஈரச் சாக்கு மூடிய கூடை தயாராக இருந்தது.

“கூடை வேண்டாம்,” என்றாள்.

“சரி.”

“குப்பியில என்ன வந்ததுன்னு கேக்கமாட்டியா?”

அவன் குழம்பைக் கிளறினான்.

“நீ கேக்கலைன்னா நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்தக் குப்பியைப் பத்தி நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.”

“ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க.”

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

“அதேதான் வந்துச்சு. வெறுங்குப்பியிலயும்.”

அவன் உப்புப் பார்த்தான்.

“தண்ணியில இருக்கோன்னு பார்த்தேன். கரைக்கிற மருந்துல இருக்கோன்னு பார்த்தேன். முதல் தடவையா ஆய்வகத்துல வேற ஒரு பொண்ணுகிட்டக் கொடுத்துச் செய்யச் சொன்னேன். அவ செஞ்ச குப்பி சுத்தமா இருந்துச்சு. அப்புறம் என் உள்ளங்கையைப் பஞ்சால ஒத்தி எடுத்தேன்.”

உள்ளங்கையை அவன் பக்கம் நீட்டினாள்.

“அது எந்த உயிரோடயும் வரலை, ஜெபராஜ். என்னோட போயிருக்கு.”

“கட்டுரை?”

“காலையில திரும்ப எடுத்துக்கிட்டேன். காரணத்தையும் எழுதிட்டேன். இனி எல்லாரும் சிரிப்பாங்க.”

“நானும் சிரிக்கலாமா?”

“சிரி. உன்னைப் பார்த்து நான் சிரிச்சிருக்கேன்.”

அவன் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தான்.

“கொசுவுல, சிப்பியில, எங்கேயோ மலையில கிடக்கிற பாசியில,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் திரை முன்னாடி உட்கார்ந்து, இதோ இங்கேயும் இருக்கேன்னு சந்தோஷப்பட்டிருக்கேன். அங்கே ஒண்ணுமே இல்லை.”

“அது இருந்துச்சே.”

“அது என் கை அழுக்கு.”

“இருபத்தாறு வருஷம் கூடவே இருந்திருக்கு. வேற யார் இருந்தா மேடம்?”

அவள் யோசித்தாள். வெளியே கழிமுகத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஜெபராஜ் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துச் சோறு போட்டான்.

“ஆறிடும். பின்னாடி வாளியில தண்ணி இருக்கு, கையைக் கழுவிட்டு வாங்க.”

அவள் பின்பக்கம் போனாள். செம்பில் தண்ணீர் மொண்டாள். வலது கையை விரித்துப் பார்த்தபடி சற்று நின்றாள். பிறகு தண்ணீரை அப்படியே ஒரு செடியின் அடியில் ஊற்றிவிட்டு, உள்ளே வந்து தட்டின் முன் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தாள்.