பத்தாவது மணி அடிக்காத நாள்

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டை அதிரூபன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பசி வந்தால் கண் தெரியாது.

அவனுக்குச் சாமரம் வீசுகிறவள் பூவாயி. வேலையில் சேர்ந்தபோது தந்த ஓலையை எழுத்துக்கூட்டிப் படித்துப் பத்திரமாக வைத்திருந்தாள். 'விடிந்ததிலிருந்து பத்து நாழிகை வேலை, பிறகு வீடு' என்றது ஓலை. வீட்டில் பால்குடிக் குழந்தை. அதனால் பத்தாவது மணி அடித்ததும் ஓட்டமாக ஓடுவாள்.

கொஞ்ச நாளாக அந்த மணி அடிப்பதற்குள் தூணின் நிழல் தூணடிக்கே சுருங்கி உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. அரண்மனை அதிகாரி தண்டபாணி ராயரிடம் கேட்டாள்.

"மணி அடிக்கிற வரை வேலை. வெயில் பார்ப்பது உன் வேலையா?" என்றார் ராயர். ஆட்களைத் தன்னைப்போல் வேலை வாங்க ஆளில்லை என்று அரசனிடம் மார்தட்ட அவருக்கு ஆசை.

பூவாயி நாழிகை வட்டிலை எட்டிப் பார்த்தாள். அடியில் ஓட்டை போட்ட செப்புக் கிண்ணம் அது. தண்ணீரில் மிதக்கவிட்டால் மூழ்க ஒரு நாழிகை ஆகும், உடனே மணி அடிப்பார்கள். ஓட்டையில் பாதியை மெழுகு அடைத்திருந்தது.

அவள் சண்டைக்குப் போகவில்லை. தலைமைச் சமையற்காரர் உலகப்பரிடம் போனாள்.

"அண்ணே, உங்க ஓலையில ராசாவுக்குச் சாப்பாடு எப்ப?"

"பத்தாவது மணிக்கு. அவர் பசி தெரிஞ்சு நான் முன்னாடியே வச்சிடுவேன்."

"நாளைக்கு ஓலைப்படி செய்யுங்க."

உலகப்பரின் ஆட்களும் அதே மணியால் நொந்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் அரசனின் வயிறு கூப்பாடு போட்டது. "சோறு எங்கே? சூரியன் உச்சிக்கே வந்துவிட்டது!"

"இன்னும் பத்தாவது மணி அடிக்கலீங்களே. வெயில் பாக்குறது எங்க வேலை இல்லைன்னு ராயர் சொல்லியிருக்காரு," என்றாள் பூவாயி. "எங்களுக்குத் தினமும் இப்படித்தான், மகாராசா. வீட்டுல என் குழந்தையும் இதே பசியோடதான் காத்திருக்கு."

அரசன் வட்டிலைக் கொண்டுவரச் சொன்னான். ஓட்டையில் ஏதோ அடைத்திருப்பதைப் பார்த்து ஊசியால் குத்தினான். மெழுகு உதிர்ந்தது.

"இது எப்படி வந்தது, ராயரே?"

"தேனீ ஏதாவது புகுந்திருக்கும், அரசே."

"அந்தத் தேனீயைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

ராயர் முகத்தில் ஈயாடவில்லை.

"மெழுகைத் திரும்ப வையுங்கள்," என்றான் அரசன். " நாளை ராயர் சாமரம் வீசட்டும், இதே வட்டிலில் பத்து நாழிகை. அதன்பின் மெழுகை எடுத்துவிட்டு, வட்டில் எல்லோரும் பார்க்க முற்றத்தில் இருக்கட்டும். வேலைக்கு வருகிறவர்களுக்கு ஓலையைப் படித்துக் காட்டிவிட்டே கொடுங்கள்."

பரிசாக முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு அரசன் திரும்பினான். சிம்மாசனத்தில் சாமரம் மட்டும் சாய்ந்து நின்றது.

"பூவாயி எங்கே?"

"பத்து நாழிகை எப்பவோ முடிஞ்சிடுச்சுங்களே," என்றார் உலகப்பர், இலையைப் போட்டுக்கொண்டே. "பரிசு ஏதாவது இருந்தா வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டுப் போயிருக்கு."